ஒருநாள் ஹேக்கத்தானில் எதைத் தேர்ந்தெடுப்பது: பயனர் நிரலா, டூல்ஃபோர்ஜா?

காலை பத்து மணிக்குக் கூடி மாலை ஐந்துக்குக் கலைந்த ஒரு ஹேக்கத்தானில் (கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் நிகழ்வு), நாங்கள் மூன்று பேர் பழைய நூல்களை எழுத்துவடிவில் தரும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்கு ஒரு சின்னக் கருவி செய்தோம். ஸ்கேன் செய்த பழைய நூல்களில் ‘ஔவையார்’ பல இடங்களில் ‘ஒளவையார்’ என்று வந்துவிடுகிறது. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் முதலில் ஒ, அடுத்து ள. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’ கெட்டுவிடும். அதனால் அந்த ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களுக்கு மட்டும் நிறம் கொடுத்து, முடிவை மெய்ப்புப் பார்ப்பவரிடமே விட்டோம்.

இதை எங்கே வைப்பது? டூல்ஃபோர்ஜ் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா இலவசமாகத் தரும் வழங்கி (சர்வர்). பைத்தானில் எழுதலாம், விக்கித் தரவுத்தளத்தின் நகலில் வினவலாம், இரவில் தானாக ஓடவிடலாம். பயனர் நிரலோ உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் நீங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

நாங்கள் பயனர் நிரலைத் தேர்ந்தெடுத்தோம். டூல்ஃபோர்ஜில் உறுப்பினராக ஒப்புதல் வேண்டும். பயனர் சார்பாகத் தொகுக்க ஓஆத் (கடவுச்சொல் கேட்காமலே பயனரின் அனுமதியைப் பெறும் முறை) பதிவும் வேண்டும். அதற்கு அனுமதி வரும்வரை பதிந்தவர் கணக்கில் மட்டுமே சோதிக்கலாம். ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது இடிக்கும். பயனர் நிரல் ஏற்கெனவே உள்நுழைந்தவரின் உலாவியில் ஓடுவதால் இந்தச் சிக்கலே இல்லை.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் நேரம் அல்ல, பராமரிப்பு. ஹேக்கத்தான் முடிந்த மறுநாள் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். வழங்கியில் இருப்பதை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நூலகங்கள் பழையதாகும், அடித்தளம் மாறும். டூல்ஃபோர்ஜில் கருவிகளை ஓட்டிவந்த கிரிட் எஞ்சின் என்ற பழைய அமைப்பு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, குபர்நெட்டிஸ் என்ற புதிய அமைப்புக்கு மாற்ற ஆளில்லாத கருவிகள் நின்றுபோயின. நாற்பது வரி நிரலுக்கு அந்தச் சுமை வேண்டாம். அது உடைந்தாலும், மூல நிரல் எல்லோர் கண்முன்னும் விக்கியிலேயே கிடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்த ஒருவர் அதைத் தன் பக்கத்துக்கு நகலெடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயனர் நிரலை எழுதியவரும் இடைமுக நிர்வாகிகளும் (விக்கியில் மற்றவர் நிரல்களையும் திருத்தும் உரிமை பெற்றவர்கள்) தவிர வேறு யாரும் அதே பக்கத்தில் திருத்த முடியாது. டூல்ஃபோர்ஜில் பல பராமரிப்பாளர்களைச் சேர்க்கலாம், அது நல்ல ஏற்பாடு. ஆயிரக்கணக்கான பக்கங்களை அலச வேண்டியிருந்தால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் அவ்வளவு பெரிய வேலையை நான் அங்கே ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதன் வேகத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அப்புறம், கைபேசிச் செயலியில் பயனர் நிரல் ஓடாது.

எங்கள் நிரலை விருப்பத்தேர்வுகளில் எல்லோரும் டிக் செய்துகொள்ளும் கருவியாகச் சேர்க்கச் சொல்லி, விக்கிமூலத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்கப்போகிறோம். அப்போது அது ஒருவர் பெயரில் இருக்காது.