கைப்பேசி அவுட்லுக்கில் ஆட்-இன்களைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள்: எது யாருக்கு?

ஆட்-இன் என்பது அவுட்லுக் அஞ்சல் செயலிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணைச்செயலி; ஆனால் கைப்பேசியில் இறங்கித் தங்கிவிடும் நிரல் அல்ல. திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தயாரித்தவரின் சர்வரிலிருந்து வரும் வலைப்பக்கம் அது. நிறுவிய நாளில் ஆராய்ந்து பார்த்த பக்கம்தான் இன்றும் வருகிறது என்பதற்கு உறுதி இல்லை. சில ஆட்-இன்கள் திறந்திருக்கும் கடிதத்தை மட்டும் படிக்கும். உச்ச அனுமதி பெற்றவையோ அஞ்சல்பெட்டி முழுவதையும் படிக்கும், எழுதும், அஞ்சலும் அனுப்பும். ஊழியர் தன் இஷ்டத்துக்கு எதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் வழி, அவுட்லுக்கின் பின்னால் இயங்கும் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் அமைப்பில் நிறுவனம் முழுவதற்கும் ஆட்-இன் வசதியையே நிறுத்துவது. நிர்வாகிகள் கட்டளை இடும் கருவியான பவர்ஷெல்லில் ஒரே கட்டளை போதும். ஆனால் கைப்பேசியோடு கணினியிலும் போய்விடும். நிறுவனமே எழுதிய ஆட்-இன்னும் தப்பாது. ஆட்-இன்னே தேவைப்படாத இடங்களுக்கு மட்டும் இது சரி.

இரண்டாவது, கைப்பேசிகளையும் செயலிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனின் செயலிப் பாதுகாப்புக் கொள்கை. ஊழியரின் சொந்தக் கைப்பேசியை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் பதியாமலேயே, அவுட்லுக்கில் உள்ள அலுவலகக் கணக்குக்கு மட்டும் விதி போடலாம். கணினியில் ஆட்-இன் வழக்கம்போல் இயங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஆட்-இன்னைத் தடுக்கும் அதே அமைப்புதான் தொடர்பு எண்களைக் கைப்பேசியின் முகவரிப் புத்தகத்துக்கு அனுப்புவதையும் நாள்காட்டி ஒத்திசைவையும் ஆள்கிறது. ‘தடு’ என்று வைத்த பிறகு வாடிக்கையாளர் அழைத்தால், அவுட்லுக்கில் மட்டும் சேமித்த பெயர் திரையில் வராது. வெறும் எண்தான் தெரியும். நாளெல்லாம் தொலைபேசியிலேயே இருக்கும் விற்பனைப் பிரிவுக்கு இது பெரிய தொல்லை. புகார் ஆட்-இன் பற்றி வராது, ‘பெயர் தெரியவில்லை’ என்றே வரும்; காரணத்தைப் பிடிக்கவே நேரமாகும்.

மூன்றாவது, எக்ஸ்சேஞ்சில் பயனர்களுக்கு உரிமைகள் தரும் இயல்புநிலைக் கொள்கையில் ‘மை மார்க்கெட்பிளேஸ் ஆப்ஸ்’ உரிமையை நீக்குவது. அதன்பின் ஊழியர் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்-இன் கடையிலிருந்து தானே நிறுவ முடியாது. தேவையானதை நிர்வாகி, மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாக மையத்தின் ‘இன்டக்ரேட்டட் ஆப்ஸ்’ பக்கத்திலிருந்து குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் வழங்கலாம். ‘மை கஸ்டம் ஆப்ஸ்’, ‘மை ரீட்ரைட்மெயில்பாக்ஸ் ஆப்ஸ்’ என்ற உரிமைகள் இரண்டையும் கூடவே எடுக்க வேண்டும்; ஒன்றை விட்டாலும் பின்வாசல் திறந்தே கிடக்கும்.



பெரும்பாலான அலுவலகங்களுக்கு என் பரிந்துரை மூன்றாவது வழிதான். இன்ட்யூன் தடையை, தொடர்பு எண்களே வெளியேறக் கூடாத பிரிவுகளுக்கு மட்டும் போடுங்கள். மூன்றாவதைத் தேர்ந்தால், ஊழியர் கேட்கும் ஆட்-இன்னைப் பரிசீலித்து இரண்டொரு நாளில் பதில் சொல்ல ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். பதில் வராவிட்டால் ஊழியர் ஆட்-இன் தேவைப்பட்ட அலுவலகக் கடிதத்தைத் தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வேலையை முடித்துக்கொள்வார்.