பேஸ்மென்ட் வெடிப்புக்கு ‘இலவசப் பரிசோதனை’ கூப்பிட இருக்கிறவர்கள் கவனத்துக்கு

ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வீடு வைத்திருக்கிற எங்கட ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். அத்திவாரச் சுவரில் இருந்த ஒரு கோட்டைக் காட்டி, ‘இலவசப் பரிசோதனை’ என்று வந்த ஒரு திருத்த நிறுவனம் எங்களிடம் 19,000 டொலருக்கு மேல் வாங்கிப் போனது. தண்ணி நிற்கவில்லை. முன்பைவிடக் கூடத்தான் வந்தது.

எங்களுடையது எண்பதுகளில் கட்டின வீடு. ஊற்றின கொங்கிறீற்றுச் சுவர். பேஸ்மென்ட் யன்னலின் கீழ்மூலையில் தொடங்கி நேராக நிலம் வரை ஒரு வெடிப்பு. ஒரு மில்லிமீற்றர் அகலம்கூட வராது. பனி உருகுகிற நாட்களில் அதற்குள்ளால் தண்ணி கசியும். அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு அந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் தமிழ்ப் பிள்ளை. நல்ல மரியாதை. சுவரைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, பிள்ளையள் கீழயோ படுக்கிறவை?” அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் காதில் ஏறும்தானே. வீடு ஒரு பக்கமாக இறங்குகிறது என்றார். சாட்சிக்கு நிலத்தில் மட்டம் பார்க்கிற கருவியை வைத்துச் சரிவைக் காட்டினார். சுவரில் ஈரம் அளக்கிற முள்ளைக் குத்தினார், சிவப்பு எரிந்தது. பிறகு கியூபெக்கில் அத்திவாரம் நொறுங்கின வீடுகளின் படங்களை எடுத்துக் காட்டினார். இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 15 வீதம் கழிவு. மண்ணுக்குள் இரண்டு இரும்புத் தூண், சுவரில் காபன் ஃபைபர் பட்டிகள், வெடிப்புக்கு மேல் பூச்சு, ‘வாழ்நாள் உத்தரவாதம்’.

அவர் ஒருதரமும் வெளியில் போய்ப் பார்க்கவில்லை. இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். தண்ணி வருவது வெளியிலிருந்து.

அடுத்த வசந்தத்தில் பூச்சின் ஓரத்தால் தண்ணி வடிந்து கம்பளம் நனைந்தது. கூப்பிட்டால், உத்தரவாதம் தூண் அசைந்தால் மட்டும்தானாம், கசிவுக்கு இல்லையாம். கடதாசியைத் தேடி எடுத்துப் பார்த்தோம், சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

பிறகுதான் ஒன்ராறியோவில் உரிமம் உள்ள ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டோம். எந்தத் திருத்த வேலையும் செய்யாத, அறிக்கை மட்டும் எழுதிக் கொடுக்கிற ஆள். வந்தவுடன் வீட்டைச் சுற்றி நடந்தார். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய், வெடிப்பு இருக்கிற அதே யன்னலுக்குப் பக்கத்தில் சுவரடியிலேயே தண்ணியைக் கொட்டிக்கொண்டிருந்தது. தூண் இறக்கக் கிண்டி மூடின மண்ணும் அமர்ந்து, வீட்டுப் பக்கம் சரிந்து, கிண்ணம் மாதிரிக் கிடந்தது. தோட்டக் குழாயை அந்த இடத்தில் திறந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சுவர் நனைந்தது.

பூச்சைத் தட்டி எடுத்து வெடிப்புக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே பழைய பெயின்ற் இறங்கி இருந்தது. அது முந்தின வீட்டுக்காரர் அடித்த பெயின்ற். அப்படியென்றால் வெடிப்பு அதற்கும் முந்தியது, அந்தப் பெயின்ற் பிளந்து போகாததால் அதற்குப் பிறகு விரியவுமில்லை. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மட்டம், எங்கும் தட்டுப்படவில்லை. மேல்மாடிக் கதவுகள் இறுகவில்லை, வெளிச் செங்கல்லில் படிப்படியான வெடிப்பும் இல்லை. வீடு இறங்கியிருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்றாவது காட்டியிருக்கும்.

கொங்கிறீற்று காயும்போது சுருங்கும். அடியில் இருக்கிற அகலமான அத்திவாரம் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் சுவர் பலவீனமான இடத்தில், அநேகமாக யன்னல் மூலையில், நேராக வெடிக்கும். பெரும்பாலும் கட்டின முதல் ஓரிரு வருடத்திலேயே இது நடந்துவிடும். தண்ணி விடும், வீட்டை விழுத்தாது.

அந்தச் ‘சாட்சிகள்’? பேஸ்மென்ட் நிலத்தைத் தண்ணி ஓடட்டும் என்று வடிகானை நோக்கிச் சரித்துத்தான் ஊற்றுவார்கள். வீட்டின் பாரமும் அந்த நிலத்தில் இல்லை, அதன் சரிவை வைத்து அத்திவாரம் இறங்குகிறது என்று சொல்ல முடியாது. ஈரமுள் மரத்துக்கு அளவு செய்த கருவி, கொங்கிறீற்றில் குத்தினால் நல்ல சுவரிலும் கூட்டிக் காட்டக்கூடியது. கியூபெக் படங்கள் உண்மையானவை. துறுவா ரிவியேர் பக்கம் கொங்கிறீற்றில் போட்ட கல்லில் பிரோட்டைற் என்ற கனிமம் இருந்து, அது ஈரமும் காற்றும் பட்டு வீங்கி, ஆயிரக்கணக்கான வீடுகளின் அத்திவாரம் பழுதானது. ஆனால் அங்கே சுவர் முழுக்க வலைப்பின்னலாக வெடிக்கும். எங்களுக்கு இருந்தது ஒற்றைக் கோடு.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. ஒரு நுனியில் ஒடுங்கி மறு நுனியில் அகன்று சரிவாகப் போகிற வெடிப்பு, ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். அதைவிட மோசம், சுவரின் நடுவால் படுக்கையாக ஓடுகிற வெடிப்பு, அதுவும் புளொக் சுவரில். ஈர மண்ணும் உறைபனியும் வெளியிலிருந்து தள்ளுகின்றன என்று அர்த்தம் (ரொறன்ரோவில் அத்திவாரத்துக்கு உறைபனி ஆழம் 1.2 மீற்றர் என்று கணக்கு). சுவர் உள்ளே வளைந்தால்தான் காபன் பட்டி தேவை. எங்கள் சுவர் நூல் பிடித்தது போல் நேராக நின்றது. சந்தேகமென்றால் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், சில மாதம் பாருங்கள். கோடு தாண்டி நீண்டால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

கடைசியில் திருத்தம் என்ன தெரியுமா? வேறொருவர் வந்து வெடிப்புக்குள் பொலியூறத்தேன் என்ற, வெடிப்பை அடைக்கிற பசையை ஏற்றினார், 650 டொலர். பீலிக் குழாயை நீட்டினோம், மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி உயர்த்தினோம். அதற்குப் பிறகு ஒரு பனிக்காலம் போய்விட்டது, சுவர் காய்ந்தே இருக்கிறது.

இன்னொன்று. ஒன்ராறியோவில் உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். எங்களுக்கு இது தெரிய வந்தபோது தூண் இறக்கி முடிந்துவிட்டது. புதுவீட்டுக்காரர்கள் யாருக்கும் காசு கொடுக்க முன்னம் டாரியன் (ஒன்ராறியோவில் புதுவீடுகளுக்கு இருக்கிற உத்தரவாதத் திட்டம்) உத்தரவாதத்தைப் பாருங்கள். அத்திவாரத்தால் வருகிற தண்ணிக்கு 2 வருடம், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7 வருடம்.

அத்திவாரத்துக்குக் கீழே தூண் இறக்க நகரசபை அனுமதி எடுத்தீர்களா என்று அந்த நிறுவனத்தைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. பொறியியலாளரின் முத்திரையிட்ட அறிக்கையுடன் சிறு வழக்கு மன்றத்துக்குப் போகிறோம். அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் நிலத்தில் மட்டம் வைத்துக் காட்டி யாரும் தூண் விற்றிருந்தால், அந்த ஒப்பந்தக் கடதாசியை எறிந்துவிடாதீர்கள், எங்களோடு கதையுங்கள்.