ஸ்விட்ச் 2-ஆ, பிஎஸ்5 ப்ரோவா? ஒரு காரைக்குடி வீட்டுக் கணக்கு

2024 செப்டம்பரில் சோனி தன் வீடியோ கேம் கருவியான பிஎஸ்5 ப்ரோவை (பிளேஸ்டேஷன் 5 ப்ரோ) அறிவித்தபோது என் கண் முதலில் போனது விலைக்குத்தான். அமெரிக்காவில் 699.99 டாலர். 2 டிபி இடம் இருக்கிறது, படத்தின் நேர்த்தியில் இதுதான் மேல், சரி. ஆனால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்க வேண்டுமாம். அலமாரி நிறைய டிஸ்க் அடுக்கி வைத்திருக்கும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

2025 ஏப்ரலில் நிண்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2-இன் முழு விவரம் வந்தது. இதைக் கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் இணைத்தும் ஆடலாம். 449.99 டாலர், 7.9 அங்குலத் திரை, 256 ஜிபி. ஜாய்-கான் என்ற அதன் கழற்றி மாட்டும் கன்ட்ரோலரைப் பக்கவாட்டில் நிறுத்தி நகர்த்தினால் அதுவே மவுஸ்! வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் ஆத்தங்குடிக் கல் வழுவழுவென்று கிடக்கிறதே, தரையிலேயே தேய்த்து ஆடலாம் என்று உடனே தோன்றியது. மரியோ கார்ட் வேர்ல்டு என்ற பந்தய கேம் மட்டும் 79.99 டாலர் என்றதும் குஷி பாதி இறங்கிவிட்டது.

ஆனாலும் என் ஓட்டு ஸ்விட்ச் 2-க்குத்தான். சாயங்காலம் அப்பத்தா சீரியலுக்கு உட்கார்ந்துவிட்டால் டிவி நமக்கில்லை. டிவி இல்லாவிட்டால் ப்ரோ வெறும் பெட்டி. "ஏன்டா, இதைத் தூக்கிக்கிட்டு உள்ளே போகமுடியாதா?" என்பார். ஸ்விட்சைத் தூக்கிக்கொண்டு போகலாம். கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரமாவது தாங்கும்.