டிஜிட்டல் நெகட்டிவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு கடையில் டிஜிட்டல் நெகட்டிவ் போட்டுத் தருவதாக ஆர்டர் எடுக்கிறார்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. சயனோடைப் (நீல நிறத்தில் வரும் அச்சு), சால்ட் பிரிண்ட் (உப்பும் வெள்ளி மருந்தும் பூசிய தாளில் எடுக்கும் அச்சு) மாதிரி பழைய முறைப் புகைப்பட அச்சு செய்கிறவர்கள் அங்கேயோ, அதே பேச்சைப் பேசும் வேறு கடையிலோ பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்த அச்சுகளை வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ, நெகட்டிவை மருந்து பூசிய தாளோடு அழுத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒளி பட்ட இடம் நிறம் ஏறும், படாத இடம் வெள்ளையாக நிற்கும். நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. ஏ4 படம் வேண்டுமென்றால் ஏ4 நெகட்டிவ் வேண்டும். முன்பு அதற்குப் பெரிய பெட்டிக் கேமரா தேவைப்பட்டது. இப்போது டிஜிட்டல் கேமராவில் எடுத்ததைக் கணினியில் கருப்பு வெள்ளையாக்கி, அந்த அச்சுக்கேற்ற கர்வ் (வெளிச்சம், நிழல் அளவுகளைத் திருத்தும் கோடு) போட்டு, நெகட்டிவாக (வெள்ளை கருப்பாக, கருப்பு வெள்ளையாக) மாற்றி, இங்க்ஜெட் பிலிமில் அச்சடித்தால் போதும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப்பை ராயபுரத்து மொட்டை மாடியில் செய்ய முடிவது இதனால்தான். ஆனால் நல்ல பிக்மென்ட் இங்க் (நிறமித் துகள் கலந்த மை) பிரிண்டர் வேண்டும். என்னிடம் அது இல்லை, கடைக்காரரிடம் இருப்பதாகச் சொன்னார்.

காசிமேடு துறைமுகத்துப் படகுகள், 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் என்று சில படங்களைக் கொடுத்தேன். கர்வ் எல்லாம் நானே போட்டு முடித்த கோப்புகள். 'எதையும் தொடாதீங்கண்ணே, அளவு மாத்தாதீங்க, அப்படியே அடிங்க' என்று சொல்லி எழுதியும் கொடுத்தேன். இறக்குமதி பிலிம், பிக்மென்ட் இங்க், ஷீட்டுக்கு 450 ரூபாய் என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு வந்தது.

ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அட்டகாசம். நல்ல அடர்ந்த கருப்பு. மாடியில் காய வைத்துக் கழுவினால், வானம் முழுக்க நீலம். வானம் நீலமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். வெளுத்த மேகம் சயனோடைப்பில் வெள்ளைத் தாளாக நிற்க வேண்டும். வெயிலைக் குறைத்துப் பார்த்தால் வானம் கொஞ்சம் வெளுத்தது, கூடவே படகின் நிழலும் வெளிறிப் போனது.

நாணயத்தை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதலில் அந்தப் பிலிமின் வெற்றுப் பகுதி வழியாக வெயில் பட்டு, தாள் இதற்குமேல் கருநீலம் ஆகாது என்கிற நேரத்தைக் கண்டுபிடித்தேன். அதே நேரத்துக்கு, நெகட்டிவின் மிகக் கருப்பான பட்டையையும் பக்கத்தில் ஒரு நாணயத்தையும் தாளில் வைத்தேன். நாணயத்தின் அடியில் சுத்த வெள்ளை. கருப்புப் பட்டையின் அடியில் பாதி நீலம். அந்தக் கருப்பு புற ஊதாவைப் போதுமான அளவு தடுக்கவில்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் படம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். இங்க்ஜெட் மை இல்லை, லேசர் பிரிண்டரின் மைத்தூளான டோனர்! ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் பாசிட்டிவ் எடுக்கும் அதே மெஷினில், ஓஎச்பி ஷீட் எனும் சாதாரண ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார். பத்திரிகை எழுத்துக்கு அது போதும், அங்கே கருப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. முகத்தின் நிழலுக்கும் மேகத்துக்கும் அது உதவாது.

இன்னொன்று. நெகட்டிவின் மைப்பக்கம் தாளைத் தொட வேண்டும் என்பதால் படத்தை இடவலமாகப் புரட்டிக் கொடுத்திருந்தேன். படகின் பெயர் திரும்பி இருக்கிறதே என்று ஆபரேட்டர் அதை 'சரி' செய்திருக்கிறார். மைப்பக்கத்தைத் தாளோடு வைத்தால் பெயர் இடவலம் மாறி வருகிறது, ஷீட்டைத் திருப்பிப் போட்டால் பிலிமின் தடிமனால் கூர்மை போகிறது. பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று அளவையும் சுருக்கிவிட்டார்கள்.

கொண்டு போய்க் காட்டினேன். "கருப்பாத்தானே இருக்கு தம்பி, இதுக்கு மேல என்ன கருப்பு வேணும்?" என்றார். கண்ணுக்குத் தெரியும் கருப்பு வேறு, புற ஊதாவைத் தடுப்பது வேறு. கூலிங் கிளாஸ் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் புற ஊதாவைத் தடுக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? ஆரஞ்சிலும் பச்சையிலும் நெகட்டிவ் அடிப்பவர்கள் உண்டு. பார்க்க வெளிறித் தெரியும், தடுப்பதில் கெட்டி. இதைச் சொன்னதும் பழி என் மருந்தின் மேல் போனது, அப்புறம் வெயிலின் மேல். சென்னை வெயில் போதவில்லையாம்! கடைசியில் ரெண்டு ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பணம் மட்டும் திரும்ப வராது என்றார்.

எங்கே கொடுத்தாலும் முதலில் படம் கொடுக்காதீர்கள். வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 படிகள் உள்ள ஒரு பட்டையை மட்டும் அடித்து வாங்கி, நாணயச் சோதனை செய்துவிட்டு மீதி ஆர்டரைக் கொடுங்கள். மை அடிக்கும்போது பிரிண்டர் பக்கத்தில் நின்று பார்க்க விடாத கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'பிக்மென்ட் இங்க்ஜெட், 100 சதவீத அளவு, கோப்பில் மாற்றம் இல்லை' என்பது பில்லிலேயே இருக்கட்டும். பில் இல்லாவிட்டாலும் ஆன்லைனில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸாப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் கிடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அது தெரிந்ததும் கடைக்காரர் ஆள் விட்டுப் பேசினார்: பணமாகத் தர முடியாது, அந்தத் தொகைக்கு விசிட்டிங் கார்டு அடித்துத் தருகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகார் அப்படியே இருக்கிறது.