உலக இலக்கியம்: வாங்கிப் படிப்பதா, நூலகத்தில் எடுப்பதா?

வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரக் கெடு கிடையாது. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கலாம். ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும்போது, கடைசித் தாளில் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே தடித்த நாவல்களை வாங்கிவிடுவேன்.

மற்றதெல்லாம் நூலகம்தான். கேள்விப்படாத எழுத்தாளரைக் காசு கொடுத்து வாங்கத் தயக்கமாக இருக்கும். இரவல் என்றால் இருபது பக்கம் பார்த்துப் பிடிக்காவிட்டால், சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் மொழிபெயர்ப்பும் மூலமொழியின் எண்ணிலேயே இருக்கும்: 860இல் ஸ்பானியம், 891.7இல் ரஷ்யன், 895.6இல் ஜப்பானியம். ஒன்றைத் தேடிப் போய்ப் பக்கத்திலிருந்ததை எடுத்து வந்த நாட்களே எனக்கு அதிகம்.

எழுத்தாளருக்கு நஷ்டம்தானே என்பார்கள். நூலகமும் பிரதியை வாங்கத்தான் செய்கிறது. அதோடு, நூலகப் பயன்பாட்டுக்கென எழுத்தாளர்களுக்குப் பணம் தரும் ஏற்பாட்டை டென்மார்க் 1946இலேயே கொண்டுவந்தது. பிரிட்டன் 1979இல் சட்டம் இயற்றியது.

அப்புறம், நெடுநாள் யாரும் எடுக்காத புத்தகத்தைப் பல நூலகங்கள் கழித்துவிடுகின்றன. அதனால் அங்கேயே உட்கார்ந்து படிக்க நேரமிருந்தாலும், மொழிபெயர்ப்பு நூலைப் பதிவு செய்துதான் எடுத்து வருவேன்.