கிளைசின் பவுடர்: டப்பாவில் எழுதியிருப்பதில் எது தேறும்?

தூக்கம் வரும், மூட்டும் தோலும் தேறும், கல்லீரல் சுத்தமாகும் என்றெல்லாம் கிளைசின் பவுடர் டப்பாவில் எழுதியிருக்கிறார்கள். வேலூரில் மருந்துக்கடைக்குப் போய் கிளைசின் என்று கேட்டால் கிளிசரின் பாட்டில் கைக்கு வர நிறைய வாய்ப்பு உண்டு. அது தோலில் தடவும் பிசுபிசுப்பான திரவம். கிளைசின் வெள்ளைப் பொடி, புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மெக்னீசியம் கிளைசினேட் மாத்திரையும் இதற்கு மாற்று ஆகாது. 100 மில்லிகிராம் மெக்னீசியம் கொடுக்கும் மாத்திரையில் கிளைசின் சுமார் 600 மில்லிகிராம்தான் வரும்.

வாங்க வேண்டியது எதுவும் கலக்காத பவுடர். சேர்மானத்தில் கிளைசின் என்ற ஒரே பெயர் இருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பு) என்று பட்டியல் நீண்டால் டப்பாவை அங்கேயே வைத்துவிடலாம். தானாகவே இனிக்கும் பொருளுக்கு இன்னொரு இனிப்பு எதற்கு? உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கிறதா பாருங்கள். குளோரோஅசிட்டிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் வைத்துத்தான் இதைப் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள், அதனால் சைவக்காரர்களுக்கும் ஒத்துவரும். அதே காரணத்தால், விலை குறைவு என்று கெமிக்கல் கடையில் தொழிற்சாலைத் தரத்தை வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதில் மிச்சமிருக்கும் குளோரைடையும் மற்ற கசடையும் உணவுத் தரத்துக்கு யாரும் சுத்தப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அரை டம்ளர் தண்ணீரில் 3 கிராம் போட்டுக் கலக்குங்கள். 100 மில்லி தண்ணீர் 20 கிராமுக்கு மேல் கரைக்கும் என்பதால் 3 கிராம் சுவடே இல்லாமல் கரைந்துவிட வேண்டும். கலங்கலாக நின்றாலோ அடியில் மண்டி தங்கினாலோ உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் பிடிக்கும்; பொடியின் பருமனைப் பொறுத்து இது மாறும். டப்பாவோடு வரும் கரண்டியை நம்புவதைவிட சமையல் தராசு மேல். வெல்லமோ சர்க்கரையோ போட்ட பாலில் கொதிக்கும்போது சேர்த்தால் பழுப்பேறும். இறக்கி ஆறிய பிறகு கலந்தால் போதும்.

டப்பாவில் எழுதியிருப்பதில் ஓரளவு தேறுவது தூக்கம்தான். ஜப்பானில், தூக்கம் சரியில்லை என்று சொன்னவர்களுக்குப் படுக்கும் முன் 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் அசதி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எல்லாமே சிறிய ஆய்வுகள். கை கால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்குவதால் தூக்கம் வருகிறது என்பது விளக்கம். அந்தச் சூடு வெளியே போக அறை குளிர்ந்திருக்க வேண்டும் இல்லையா? அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் அனல் கக்கும் காட்பாடி வீட்டில் இதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இது தூக்க மாத்திரையும் அல்ல.

மூட்டு, தோல் பற்றிய வாக்குறுதி பாதி உண்மை. தோல், எலும்பு, மூட்டைத் தாங்கும் புரதம் கொலாஜன்; அதன் சங்கிலியில் மூன்றில் ஓர் இடம் கிளைசினுக்கு. மூன்று இழையும் முறுக்கிக்கொள்ளும் இடத்தின் நடுவில் வேறெந்த அமினோ அமிலமும் நுழையாது. அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் வரும். அதற்காகப் பொடியைக் குடித்தால் தேய்ந்த முழங்கால் வளரும் என்று ஆகிவிடாது. கல்லீரலை 'சுத்தம் செய்யும்' என்பது விளம்பர வார்த்தை. பித்த உப்பு, குளுட்டாதயோன், கிரியேட்டின் எல்லாவற்றுக்கும் கிளைசின் தேவை. கூல்டிரிங்க்ஸில் போடும் சோடியம் பென்சோயேட்கூட இதோடு ஒட்டிக்கொண்டுதான் சிறுநீரில் போகிறது. ஆனால் இந்த வேலைகளுக்காக உடம்பே தினமும் 3 கிராம் அளவில் தயாரித்துக்கொள்கிறது.

ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கொலாஜன் வெந்து தண்ணீரில் இறங்கினால் அது ஜெலட்டின்; அதன் எடையில் கிளைசின் கிட்டத்தட்ட கால் பங்கு. பாயாத் தண்ணியை மாவும் தேங்காயும் சேர்ப்பதற்கு முன் வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் நகராமல் அல்வா மாதிரி ஆடினால் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது. அப்படி உறைந்த 200 மில்லியில் குறைந்தது அரை கிராம் கிளைசின் எதிர்பார்க்கலாம். தண்ணியாகவே கிடந்தால் கால் இன்னும் வேகவில்லை. குக்கரில் முக்கால் மணி நேரமாவது வேண்டும். மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி, 30 கிராம், கொடுப்பதும் அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆக, 3 கிராம் வேண்டும் என்றால் பவுடர் சுலபம். வேண்டுமா என்பதுதான் கேள்வி. மீன், கறி, பருப்பு எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர் காசை மிச்சம் பிடிக்கலாம்.

ஒரே வேளையில் அதிகம் போட்டால் குமட்டும், வயிறு இளகும். மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடக் கூடாது, மருந்தின் பலனைக் குறைக்கும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாகி புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.