வாலட்டுக்கு கேஒய்சி முடிக்கச் சொல்லி மெயில் வந்தால் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்

கிரிப்டோ வாலட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். போன மாதம் என் சித்தி மகனின் வாலட்டை ஒரே ஒரு மெயிலில் துடைத்து எடுத்துவிட்டார்கள். அவன் டிசைனர். வெளிநாட்டு கிளையன்ட்கள் சிலர் டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவில்தான் பணம் அனுப்புவார்கள், அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தது ரூபாய்க் கணக்கில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல்.

அந்த மெயிலை நானும் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, வாலட்டின் லோகோ அப்படியே இருக்கிறது. புதிய விதிப்படி உங்கள் வாலட்டுக்கு கேஒய்சி முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் முடக்கப்படும், நாளையே கடைசி நாள் என்று சொல்லிக் கீழே ஒரு பட்டன். நம் ஊரில் பேங்க், கேஸ், சிம் கார்டு என்று எல்லாவற்றுக்கும் கேஒய்சி கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. 2023 மார்ச்சில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளையும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் அங்கேயும் கேஒய்சி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆக அந்த வார்த்தையைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் வேறு, சாவி நம் கையில் இருக்கும் சொந்த வாலட் வேறு. இவன் வாலட் போட்டபோது பெயர், ஆதார் மட்டுமில்லை, மெயில் முகவரியைக்கூட அந்த ஆப் கேட்கவில்லை. கேட்டு வாங்காத முகவரிக்கு அந்த நிறுவனம் எப்படி மெயில் அனுப்பும்? வேறு எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

வாலட் திறக்கும்போது ஆப் நமக்கு 12 ரகசிய வார்த்தைகள் தரும், அவைதான் வாலட்டின் சாவி. பட்டனை அழுத்தினால் அந்த வார்த்தைகளைப் போடச் சொல்லி 12 கட்டங்கள் உள்ள ஒரு பக்கம் வருகிறது. சும்மா ஏதேதோ வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு எழுத்து அடித்ததும் கீழே வார்த்தைகளை எடுத்துக் காட்டுகிறது, தப்பாக அடித்தால் கட்டம் சிவப்பாகிறது. இதில் வித்தை எதுவும் இல்லை. பெரும்பாலான வாலட்கள் இந்த ரகசிய வார்த்தைகளை எடுக்கும் 2,048 வார்த்தைகளின் பட்டியல் எல்லாருக்கும் கிடைப்பதுதான், அதை அந்தப் பக்கத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவன் 12 வார்த்தைகளையும் சரியாகப் போட்டதும் பச்சை டிக் வந்திருக்கிறது, "சரிபார்ப்பு முடிந்தது" என்று காட்டிவிட்டு நிஜமான தளத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. வேலை முடிந்தது என்று அவன் தூங்கப் போய்விட்டான். சில நிமிடங்களில் மொத்த யுஎஸ்டிடி-யும் வெளியே போய், உடனே ஈதர் என்ற வேறு கிரிப்டோவாக மாறி, அங்கிருந்து இன்னொரு முகவரிக்குப் போயிருக்கிறது. அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. யுஎஸ்டிடி-யை வெளியிடும் டெதர் நிறுவனம் நினைத்தால் ஒரு முகவரியில் இருப்பதை முடக்க முடியும், ஈதரை அப்படி முடக்க யாரும் இல்லை.

"அனுப்பியது யார் என்று பார்த்திருக்க வேண்டாமா" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் அவனைக் கேட்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. 2022 ஏப்ரலில் ட்ரெஸர் என்ற வாலட் கருவி நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் போன போலி மெயில்களுக்கான முகவரிகள், நிறுவனங்களுக்காக மொத்தமாக மெயில் அனுப்பும் மெயில்சிம்ப் சேவைக்குள் புகுந்து எடுத்தவை. அதில் இருந்த இணைப்பும் ட்ரெஸர் என்றுதான் தெரியும், உற்றுப் பார்த்தால்தான் ஆங்கில e எழுத்துக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி. 2023 பிப்ரவரியில் வெப்சைட் பெயர்களை விற்கும் நேம்சீப் நிறுவனம் மெயில் அனுப்பப் பயன்படுத்தும் வழியிலேயே மெட்டாமாஸ்க் என்ற வாலட்டின் பெயரில் கேஒய்சி மெயில் போனது. 2024 ஜனவரியில் மெயிலர்லைட் என்ற இன்னொரு மெயில் சேவை வழியாக வாலட்கனெக்ட் போன்ற கிரிப்டோ நிறுவனங்களின் நிஜமான முகவரியிலிருந்தே திருட்டு மெயில் போனது. அனுப்பியவர் முகவரி சரியாக இருந்தும் மெயில் பொய்யாக இருக்கலாம் என்றால் ஒரு சாதாரண ஆள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதனால் மெயிலை ஆராய்ச்சி செய்வதையே விட்டுவிடுங்கள். உங்கள் ரகசிய வார்த்தைகள் 12 இருந்தாலும் 24 இருந்தாலும், அதை எந்த வெப்சைட்டிலும், எந்த ஃபார்மிலும், எந்த சப்போர்ட் ஆளிடமும் போடக்கூடாது. புது போனிலோ புதுக் கருவியிலோ நீங்களாக உங்கள் வாலட்டைத் திரும்ப ஏற்றும்போது மட்டும்தான் அதற்கு வேலை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இன்னும் கொஞ்சம் பணம் போனது. வருமானத்துக்காகக் கிரிப்டோவைப் பூட்டி வைக்கும் ஸ்டேக்கிங்கில் டோக்கன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுக்க 'கேஸ்' எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் வேண்டுமே என்று நண்பனிடம் கொஞ்சம் ஈதர் வாங்கி அதே வாலட்டில் போட்டான், கண் மூடித் திறப்பதற்குள் அதுவும் போய்விட்டது. அந்த முகவரிக்கு எது வந்தாலும் உடனே உறிஞ்சி எடுக்கத் தானாக இயங்கும் ஒரு ப்ரோகிராமை (bot) வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. எக்ஸ் தளத்தில் அவன் உதவி கேட்டு எழுதியதும், போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று டெலிகிராமில் வரிசையாக ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்பணம் கேட்டு மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களும் திருடர்களே, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

1930-க்கு போன் செய்தோம், சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்தோம். பேங்கில் போன பணம் என்றால் வழியில் நிறுத்திவைக்க அவர்களால் முடியும், இதில் அது முடியாது. ஆனாலும் புகார் கொடுங்கள். திருடிய காசு என்றைக்காவது கேஒய்சி உள்ள ஒரு எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் யார் கணக்கு என்று போலீஸ் கேட்க வழியிருக்கிறது. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள், பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள அடையாளக் குறியீடு), பணம் போன முகவரி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ரகசிய வார்த்தைகளை எங்காவது போட்டுவிட்டீர்கள் என்றால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, அது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஆப்புக்கு மட்டும்தான். புது வார்த்தைகளோடு புது வாலட் திறந்து மிச்சம் இருப்பதை உடனே அதற்கு மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் பணம் அனுப்பிப் பழகிய கிளையன்ட்கள் எல்லாருக்கும் அன்றைக்கே புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். இவனுடைய கிளையன்ட் ஒருவர் மறுநாள் அனுப்ப இருந்த தொகை அப்படிச் சொன்னதால்தான் தப்பியது.